நுணுக்குக்காட்டிக்கு ஒரு பெரட்டு

கூடாரத்தின் வாசலில் ஒரு பலகை வைத்திருந்தோம். ‘தொட்டுப் பாருங்கள்’ என்று பெரிய எழுத்தில், சிவப்பு மையால், நானே எழுதியது. காலை எட்டு மணிக்கு வைத்த பலகை அது. பதினொரு மணிவரைக்கும் அதன் சொல்லுக்குக் கீழ்ப்படிந்தது ஒரே ஒரு நாய். அதுவும் மேசைக் காலைத்தான் தொட்டது. எந்த விதத்தில் தொட்டது என்பதை விட்டுவிடுகிறேன்.

ஆட்கள் வராமல் இல்லை. நமுனுகுல மலைக்குக் கீழே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மாரியம்மன் திருவிழா என்றால் கொழும்பில் வேலை செய்கிற பிள்ளைகள்கூட வந்து சேர்ந்துவிடுவார்கள். புதுச் சேலைகளின் கஞ்சி வாசமும் கற்பூர வாசமும் எங்கள் கூடாரத்துக்குள் வந்து போய்க்கொண்டிருந்தன. ஆட்களும் வந்தார்கள். ஆனால் பத்தடி தள்ளி அரைவட்டமாக நின்றார்கள். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தார்கள், இல்லாவிட்டால் முந்தானைக்குள் சுருட்டி வைத்திருந்தார்கள்.

நான் “வாங்க” என்று ஓரடி முன்னால் போனேன். அவர்கள் சிரித்துக்கொண்டே ஓரடி பின்னால் போனார்கள். இன்னோரடி வைத்தேன். அவர்களும் வைத்தார்கள். இப்படியே போனால் கூட்டத்தை ஆற்றில் கொண்டுபோய் இறக்கிவிடுவேன் என்று பயந்து நிறுத்திக்கொண்டேன்.

மூன்று மேசைகள். ஒன்றில் போத்தலுக்குள் மூடுபனி செய்யலாம். இன்னொன்றில் சாயத்தண்ணியின், அதாவது பால் விடாத தேநீரின், நிறத்தை மாற்றலாம். மூன்றாவதில், கண்ணுக்குத் தெரியாததைப் பெரிதாக்கிக் காட்டும் மூன்று நுணுக்குக்காட்டிகள். இவ்வளவையும் பல்கலைக்கழக வேனில் மெத்தை விரித்து, குழந்தையைக் கொண்டுவருவதுபோல மலை ஏற்றிக் கொண்டுவந்திருந்தோம்.

நான் பிடித்த பிடிவாதம்

அப்போது நான் பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்குச் செய்முறை வகுப்பு நடத்துகிற வேலையில் சேர்ந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. எங்கள் துறையினர் வருடத்துக்கு ஒரு தடவை ஆய்வுகூடத்துப் பொருட்களைத் தூக்கிக்கொண்டு மக்களிடம் போவார்கள். மக்கள் என்றால் பதுளை நகர மண்டபம். அங்கே வெள்ளைச் சீருடைப் பிள்ளைகள் வரிசையில் வந்து, பார்த்து, குறிப்பெழுதிக்கொண்டு போவார்கள்.

இந்த வருடம் என் தோட்டத்துத் திருவிழாவுக்குப் போவோம் என்று நான்தான் ஒற்றைக் காலில் நின்றேன். துறைத் தலைவர் சிங்களவர், நல்ல மனிதர். நாங்கள் அவரைச் சேர் என்றுதான் கூப்பிடுவோம். பூசைக்கும் தேருக்கும் நடுவில் நம்மிடம் யார் வருவார்கள் என்று அவர் யோசித்தார். கடைசியில், ஒரு தடவை போய்ப் பார்ப்போம், யாரும் கை வைக்காவிட்டால் அடுத்த வருடம் மறுபடி நகர மண்டபம்தான் என்று சொல்லி ஒத்துக்கொண்டார்.

என்னோடு வேலை செய்கிற ரிஸ்னாவும் வந்தாள். பதுளையில் புடவைக் கடை வைத்திருக்கும் குடும்பம் அவளுடையது. ஒரு முழத் துணியைக்கூடக் கையில் தொடவைத்தே விற்கிற வீட்டில் பிறந்தவள். அவளாலேயே அன்று ஒருவரையும் மேசைக்கு இழுக்க முடியவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

தேடி வந்த ஒரே ஆள் ஒரு முதியவர். நேராக நுணுக்குக்காட்டியிடம் போனார். தனக்குக் கிட்டப் பார்வை தெரியவில்லை என்றும் இரண்டு கண்ணுக்கும் சேர்த்தே கண்ணாடி எழுதிக் கொடுக்கும்படியும் கேட்டார். கண் டொக்டர் வந்திருப்பதாகத் தோட்டம் முழுக்கப் பேச்சாம். இல்லை என்று விளக்கியதும், அப்படியானால் எதற்கு வந்தீர்கள் என்று கேட்டுவிட்டுப் போனார்.

சேர் கடிகாரத்தைப் பார்த்தார், மலையைப் பார்த்தார். எனக்கு முகம் சுட்டது. உண்மையைச் சொல்கிறேன், அந்த அரைவட்டத்தில் நின்ற என் சொந்த சனத்தின் மேல்தான் கோபம் வந்தது. கொண்டுவந்து காலடியில் வைத்தாலும் தொடமாட்டார்களே என்று மனதுக்குள் திட்டினேன். இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அன்று திட்டினேன்.

அந்த அரைவட்டத்தின் ஓரத்தில் அம்மாவும் நின்றாள். கைகள் முந்தானைக்குள்.

மழை அளக்கும் கண்ணாடி

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நான் பட்டம் வாங்கிய அன்று அம்மாவை ஆய்வுகூடத்துக்குக் கூட்டிப்போனேன். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, வாசலிலேயே நின்றுவிட்டாள். எவ்வளவு கூப்பிட்டும் உள்ளே வரவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தாள். நல்லா இருக்கு, நீ வா போவோம், பஸ் போயிடும் என்றாள். பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரம் இருந்தது.

திரும்பிப் போகும்போது பஸ்ஸில்தான் சொன்னாள். ஒரே தடவைதான் சொன்னாள்.

அப்போது அம்மாவுக்கு ஒன்பது வயது. அவளுடைய அப்பாவுக்குத் துரை பங்களாவில் புல் வெட்டுகிற வேலை. மதியச் சாப்பாட்டைக் கொண்டுபோன அம்மா, புல்வெளி நடுவில் மழை அளக்கிற சாமான் திறந்து கிடந்ததைப் பார்த்தாள். அதன் உள்ளே கோடுகள் போட்ட கண்ணாடிக் குழல். கோடு எவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று பார்க்க எடுத்தாள். யாரோ சத்தம் போட்டார்கள். குழல் கீழே விழுந்துவிட்டது.

யாரும் அடிக்கவில்லை. மறுநாள் காலை, ஆட்களுக்கு வேலை பிரிக்கும்போது தாத்தாவின் பெயரைப் பங்களாவுக்குக் கூப்பிடவில்லை. மலைக்கு, மழைத்தண்ணீர் ஓடும் கான் வெட்ட அனுப்பினார்கள். அவ்வளவுதான் நடந்தது. தாத்தா அதைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தையும் பேசவில்லையாம். அதைத்தான் அம்மாவால் தாங்க முடியவில்லை.

அன்றிலிருந்து, தன்னுடையது அல்லாத எந்தப் பொருள் மேலும் அம்மா கை வைத்ததில்லை. வங்கியில் மேசை மேல் கிடக்கிற பேனாவைக்கூட எடுக்கமாட்டாள், யாராவது எடுத்துக் கொடுக்க வேண்டும். எங்கள் லயத்தில், எங்கள் வரிசை வீடுகள் முழுக்கவே, ஆளுக்கொரு கதை இப்படி இருக்கும் என்று நினைக்கிறேன். இல்லாவிட்டால் இத்தனை கைகள் ஏன் ஒரே மாதிரிப் பின்னால் போக வேண்டும்?

சேரிடம் நான் சொன்ன காரணங்கள் வேறு. மக்கள், அறிவியல், சமவாய்ப்பு என்று இரண்டு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தேன். உள்ளே இருந்த காரணம் ஒன்றுதான். அம்மா ஒரு தடவை அந்த நுணுக்குக்காட்டியில் கண் வைக்க வேண்டும். தன் கையால் திருகிப் பார்க்க வேண்டும்.

பாக்கியம் அக்கா

பதினொன்றரை மணிக்குப் பாக்கியம் அக்கா பால்குடம் இறக்கிவிட்டு, மஞ்சள் தண்ணீரில் நனைந்த சேலையை மாற்றிக்கொண்டு, நெற்றி நிறைய திருநீறோடு வந்தார். எங்கள் தோட்டத்தின் முதல் பெண் கங்காணி அவர். கொழுந்து பறிக்கிற முப்பது பெண்களை மேய்க்கிறவர். அம்மாவும் அவருடைய ஆட்களில் ஒருத்தி. மலையின் இந்தப் பக்கம் அவர் பேசினால் அந்தப் பக்கம் தும்மல் நிற்கும் என்பார்கள்.

அவர் பலகையைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

“என்னா புள்ள, காலையில இருந்து நிக்கிறியாமே. யாருக்கு என்னா வேல குடுத்திருக்க?”

வேலை இல்லை அக்கா, யார் வேண்டுமானாலும் வந்து தொட்டுப் பார்க்கலாம் என்றேன்.

“யாரு வேணும்னாலும்னு சொன்னா யாரு வருவா? பேரு சொல்லிக் கூப்புடணும்.”

பிறகு ஒவ்வொரு மேசையாக விசாரித்தார். இதற்கு எத்தனை பேர் வேண்டும், என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது. காலையில் தோட்டத்து ஐயாமாரிடம், எந்த மலைக்கு எத்தனை பேர் என்று கணக்கு கேட்கிற அதே தோரணை. நான் மாணவி போல ஒப்பித்தேன். கடைசியாக, ஏதாவது உடைந்தால் என்ன என்று கேட்டார். ஒன்றும் ஆகாது என்றேன்.

“அத நீ சொன்னா அவுங்க நம்பமாட்டாங்க. ஒடஞ்சா நான் பதில் சொல்லிக்கிறேன்.”

கூடாரத்தின் நடுவில் போய் நின்றார். இடுப்பில் கை வைத்தார். பெரட்டுக் குரலில் கூப்பிட ஆரம்பித்தார்.

தோட்டம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். விடியற்காலையில் ஆட்கள் எல்லாரும் கூடி நிற்க, பெயர் கூப்பிட்டு, இன்னாருக்கு இன்ன வேலை என்று பிரிப்பதுதான் பெரட்டு. அங்கே பெயர் விழுந்துவிட்டால் யோசிக்கிற வழக்கம் கிடையாது. கால் தானாக நகரும்.

நகர்ந்தது. பட்டுச் சேலை, மல்லிகைப் பூ, புது வளையல் எல்லாவற்றோடும் அந்தப் பெண்கள் ஒரே நிமிடத்தில் வரிசை கட்டினார்கள். தேத்தண்ணிக் கோப்பையோடு வந்த சேர், வாய்க்குக் கொண்டுபோன கோப்பையை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

“முனியம்மா, ராஜேஸ்வரி, நீங்க போத்தலுக்கு. சரசு செட்டு சாயத்தண்ணிக்கு. லெட்சுமி, நீ மக மேசையில லீக்ஸு தோலு உரி. மத்தவங்க கண்ணாடிக்கு, ஒவ்வொருத்தரா.”

லெட்சுமி என்றால் என் அம்மா.

திருவிழாவுக்குள் ஒரு திருவிழா

அதற்குப் பிறகு எங்களுக்கு மூச்சு விட நேரமில்லை.

போத்தலில் கொஞ்சம் சுடுதண்ணீர் விட்டு, ஊதுபத்திப் புகையைச் சிறிது உள்ளே பிடித்து, மூடியை இறுக்கி, நன்றாக அமுக்கிக் கையை விட்டால் உள்ளே வெண்மேகம் கட்டும். முனியம்மா அக்கா அமுக்கி விட்டார். மேகம் வந்தது. மறுபடி அமுக்கினார், போய்விட்டது. விட்டார், வந்தது. மலையில் வருஷம் முழுக்க இந்தப் பனிக்குள் நனைந்து சாகிறோம், இதைப் போத்தலிலும் அடைத்துக் கொண்டுவந்து காட்டுகிறீர்களா என்று ரிஸ்னாவைக் கேட்டார். கேட்டாரே தவிர போத்தலைக் கீழே வைக்கவில்லை. பனி ஏன் மத்தியானம் கலைகிறது என்று அவரே அடுத்த கேள்வியைக் கேட்டபோது ரிஸ்னா என்னைப் பார்த்த பார்வையில், நகர மண்டபத்தில் நாங்கள் ஒருநாளும் காணாத சந்தோஷம் இருந்தது.

சாயத்தண்ணி மேசையில் தேசிக்காய் பிழிந்தால் நிறம் வெளுத்தது, அப்பச்சோடா போட்டால் கறுத்தது. சரசு அக்கா பிழிவதும் போடுவதுமாக ஒரே கோப்பையை நாலு தடவை நிறம் மாற்றிவிட்டார். தன் வீட்டுக்காரருக்குச் சாயம் போதாது என்று காலையில் சண்டையாம். தூள் கூட்டாமலே கறுப்பாக்கும் வழி தெரிந்துவிட்டது என்று அறிவித்தார். அதைக் குடிக்க முடியாது அக்கா என்று ரிஸ்னா சொன்னாள். குடிக்கிறது அவருதானே என்றார்.

சத்தம் கேட்டு ஆண்கள் வந்தார்கள். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிற ஆட்கள், நல்ல முரடர்கள். தங்களையும் சேர்த்துக்கொள்ளும்படி பாக்கியம் அக்காவைக் கேட்டார்கள். அவர் மறுத்துவிட்டார். நீங்கள் என் ஆட்கள் இல்லை, உங்கள் கங்காணியைக் கூட்டி வாருங்கள் என்றார். நானே, அதெல்லாம் வேண்டாம் அக்கா, அவர்களும் வரட்டும் என்று சொல்லிப் பார்த்தேன். ஒழுங்கு ஒழுங்குதான் என்றார். தேர் வடத்தைப் பிடித்துக்கொண்டிருந்த அவர்களுடைய கங்காணியை, வடத்திலிருந்து பிய்த்து இழுத்து வந்தார்கள். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, மேசைகளை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, முதல் பெயராகத் தன் பெயரையே கூப்பிட்டுக்கொண்டார்.

அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து, வெங்காயத் தண்டு போன்ற வெலிமடை லீக்ஸின் மெல்லிய தோலை உரித்துக்கொண்டிருந்தாள். எப்படி என்று ஒரு தடவை காட்டினேன். முதல் இரண்டும் கிழிந்தன. மூன்றாவது கண்ணாடிபோல வந்தது. அதைக் கண்ணாடித் தகட்டில் பரப்பி, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, மேலே மெல்லிய கண்ணாடியால் மூடி நான் நுணுக்குக்காட்டியில் வைப்பேன். ஆட்கள் ஒவ்வொருவராக வந்து கண் வைப்பார்கள். லெட்சுமி, நீ உரிச்ச தோலுக்குள்ள செங்கல் அடுக்கி வச்சிருக்கு என்று ஒருவர் சொன்னார். இல்லை, பாய் என்றார் அடுத்தவர். அம்மா தலை நிமிராமல் சிரித்துக்கொண்டு அடுத்த தோலை உரித்தாள்.

ஆனால் அவள் மட்டும் பார்க்கவில்லை. நான் இரண்டு தடவை கூப்பிட்டேன். எனக்கு உரிக்கிற வேலைதானே, பாக்குற வேலை இல்லையே என்றாள்.

மத்தியானப் பூசை மணி அடித்தது. கூட்டம் கோயில் பக்கம் திரும்பியது. இனி வரமாட்டார்கள், சாமான்களைக் கட்டலாம் என்று சேர் சொன்னார். அவர் முகத்தில் அத்தனை மகிழ்ச்சி. அடுத்த வருடமும் இங்கேதான் என்று அவரே சொல்லிவிட்டார். நான் குதித்திருக்க வேண்டும். அம்மாவின் மடியில் கடைசி லீக்ஸ் துண்டு இருந்தது. என்னால் குதிக்க முடியவில்லை.

பாக்கியம் அக்காவுக்கு அது எப்படித் தெரிந்ததோ, இன்றுவரை கேட்கவில்லை. கோயிலுக்குக் கிளம்பியவர் திரும்பி நின்றார்.

“லெட்சுமி. ஒனக்குத்தான் கடைசி நெர. கண்ணாடிக்குப் போ.” மலையில் கொழுந்து பறிக்க ஒவ்வொருத்திக்கும் பிரித்துக் கொடுக்கிற வரிசைதான் நெர.

குழாய் இறுக்கும் கை

அம்மா எழுந்தாள். கையைச் சேலையில் துடைத்தாள். நுணுக்குக்காட்டிக்கு முன்னால் குனிந்தாள்.

எங்கள் நுணுக்குக்காட்டிகளில் விளக்கு கிடையாது. அடியில் இருக்கிற சின்ன வட்டக் கண்ணாடியைத் திருப்பிப் பகல் வெளிச்சத்தைப் பிடிக்க வேண்டும். நான் பிடித்துக் கொடுத்தேன். தெளிவில்லை, மங்கலாக இருக்கு என்றாள். பக்கத்துத் திருகை மெதுவாகத் திருப்பும்மா என்று சொன்னேன்.

இங்கேதான் நான் ஒன்றை மறந்துவிட்டேன். எங்கள் லயத்துக்குப் பொதுவாக ஒரே குழாய். அதன் வாசர் எப்போதும் தேய்ந்திருக்கும். யாராவது சரியாக மூடாவிட்டால் இரவோடு தண்ணீர்த் தாங்கி காலியாகிவிடும், காலையில் இருபது வீட்டுக்கும் தண்ணீர் இருக்காது. அதனால் பிறந்ததிலிருந்து நாங்கள் எல்லாரும் எதைத் திருகினாலும், இனித் திரும்பாது என்ற கட்டம்வரை திருகுவோம். அதற்கு மேலும் ஒரு முறுக்கு முறுக்குவோம்.

அம்மா அப்படித்தான் திருகினாள். உருப்பெருக்கிக் குழல் இறங்கி இறங்கி, தகட்டில் முட்டி, சின்னதாக ஒரு சத்தம். கண்ணாடி உடைந்தது.

அம்மாவின் கைகள் இரண்டும் உடனே முதுகுக்குப் பின்னால் போய்விட்டன. முகத்தில் இரத்தம் இல்லை. ஐம்பது வயது தாண்டிய என் அம்மா அந்த நிமிடம் ஒன்பது வயதுப் பிள்ளையாக நின்றாள். இத்தனை பாடுபட்டு, அவளை மறுபடி அந்தப் புல்வெளிக்கே கொண்டுபோய் நிறுத்திவிட்டேனே என்று இருந்தது.

பாக்கியம் அக்கா விறுவிறுவென்று உள்ளே வந்து அம்மாவுக்கும் சேருக்கும் நடுவில் நின்றார்.

“நான்தான் சேர் அனுப்புனேன். என்னாவா இருந்தாலும் என்னையக் கேளுங்க.”

சேருக்கு அந்தத் தமிழ் முழுதாகப் புரிந்திருக்காது. ஆனால் நின்ற விதம் புரிந்தது. அவர் குனிந்து உடைந்த தகட்டைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். தனக்குத் தெரிந்த நாலைந்து தமிழ்ச் சொற்களைத் தேடிப் பிடித்து, நெஞ்சில் கை வைத்துச் சொன்னார்.

“நான் படிக்கும்போது... நாலு.”

நாலு விரலைக் காட்டினார். ரிஸ்னா உடனே, தான் ஆறு என்று விரல் காட்டினாள். அம்மா என்னைப் பார்த்தாள்.

முதல் வருடத்தில் நானும் ஒன்று உடைத்திருந்தேன். அதை யாரிடமும் சொல்லாமல் கைக்குட்டையில் சுற்றி, வெள்ளை மேலங்கிப் பைக்குள் போட்டு, விடுதிக்குக் கொண்டுபோய்ப் புதைத்திருந்தேன். விரலில் வெட்டு வேறு. படிப்பை நிறுத்திவிடுவார்கள் என்று இரண்டு வாரம் சாப்பாடு இறங்கவில்லை. அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. அத்தனை பேர் முன்னால் அன்றுதான் சொன்னேன்.

“நானும் ஒடச்சேம்மா. ஒளிச்சி வச்சேன்.”

அம்மா உடைந்த தகட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பின்னால் இருந்த கைகள் ஒவ்வொன்றாக முன்னால் வந்தன. மேசை மேல் இருந்த பெட்டியிலிருந்து ஒரு புதுத் தகட்டை எடுத்தாள். யாரையும் கேட்கவில்லை, அவளே எடுத்தாள். கடைசி லீக்ஸ் துண்டில் தோல் உரித்தாள், பரப்பினாள், சொட்டு விட்டாள், மூடினாள்.

அதையும் உடைத்தாள். இந்த முறை கைகள் எங்கேயும் போகவில்லை. ச்சே, அவசரப்பட்டுட்டேன் என்று தன்னையே திட்டிக்கொண்டு மூன்றாவதை எடுத்தாள்.

அதற்குள் விஷயம் கோயில்வரை போய், பூசையை விட்டுப் பாதிக் கூட்டம் திரும்பி வந்திருந்தது. அம்மா ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு விரலால், தூங்குகிற பிள்ளையின் போர்வையை இழுக்கிறமாதிரி திருகைத் திருப்பினாள். எல்லாரும் கிட்ட வந்தார்கள். சேரும் ஆவல் தாங்காமல் மேசையின் மறுபக்கம் வந்து குனிந்தார்.

அம்மா நுணுக்குக்காட்டியிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. கையை மட்டும் அவர் பக்கம் வீசினாள்.

“சேர், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. வெளிச்சம் படமாட்டேங்குது.”

சேர் தள்ளி நின்றார்.